கெங்கம்மாள் சொன்னது

ஜெபராணிக்கு அந்த வேலை கிடைத்தது மண்ணைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் அவளுக்கு ஏதாவது தெரியும் என்பதால் அல்ல. இங்கிலீஷ் பேச வரும், அவ்வளவுதான். வேலூரில் ஹாஸ்டலில் தங்கி பி.ஏ. முடித்துவிட்டு ஆரணிக்குத் திரும்பி, இரண்டு வருஷமாக அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தவளை 1997 தை மாதத்தில் ‘தண்ணி ஆபீஸ்’ கூப்பிட்டு வேலையில் வைத்துக்கொண்டது.

தண்ணி ஆபீஸ் என்பது ஊர் வைத்த பெயர். வெளிநாட்டு உதவியோடு நடக்கும் மண், நீர் பாதுகாப்புத் திட்டம் என்று வாசலில் போர்டு இருந்தது. அதை முழுதாகப் படிக்கிற பொறுமை யாருக்கும் இல்லை. பட்டு வியாபாரி ஒருவர் வீட்டு மாடியில் மூன்று அறைகள். கீழே நான்கு தறிகள் ஓடும். மேலே மேஜைமேல் டம்ளர் வைத்தால் உள்ளே தண்ணீர் நடுங்கும்.

திட்டத்தின் நிபுணர் யான் டெக்கர் ஹாலந்துக்காரர். ஐம்பது வயது, ஆறடிக்கு மேல் உயரம், வெயிலில் வெந்து சிவந்த கழுத்து. யான் என்ற பெயரை யாரும் யான் என்று சொல்லவில்லை. மூன்றாம் நாளே ‘ஜான் சார்’ ஆகிவிட்டார். ஆரணியிலிருந்து போளூர் போகிற பக்கத்தில் ஏழெட்டு கிராமங்களுக்கு அவர் போவார். மழைத்தண்ணீர் மேல்மண்ணை அரித்துக்கொண்டு ஓடாமல் வரப்பு, கல்தடுப்பு, சின்ன அணை என்று போட்டு நிறுத்துவதுதான் வேலை. அவர் சொல்வதை ஜெபராணி தமிழில் சொல்ல வேண்டும், ஜனங்கள் சொல்வதை இங்கிலீஷில் சொல்ல வேண்டும்.

அவளுடைய அப்பா அடைக்கலசாமிக்கு இதில் பெருமை தாங்கவில்லை. அவர் தறிக்காரர், வீட்டில் தரையில் குழி வெட்டிப் போட்ட ஒரு குழித்தறி. வெளிநாட்டுப் பிரசங்கியார் வரும்போது பக்கத்தில் நின்று வாக்கியத்துக்கு வாக்கியம் தமிழில் சொல்வாரே ஒருவர், அவரை மனதில் வைத்துக்கொண்டு, “எம் பொண்ணு மொழிபெயர்க்கறா” என்று ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் வாசலில் நாலு பேரிடம் சொல்லுவார். ஜெபராணியின் மனதிலும் அந்தப் படம்தான் இருந்தது. பிரசங்கியார் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளர் கொஞ்சம் சேர்த்துச் சொல்லிச் சரிக்கட்டுவார். கேட்கிறவர்களுக்கும் மனம் குளிரும். அதில் ஒரு தப்பும் இருப்பதாக அவளுக்குத் தோன்றியதில்லை.

சித்திரை பிறந்த வாரத்தில், அந்தக் கிராமங்களில் ஒன்றான புங்கந்தாங்கலில் ஓடைக்கரையில் கூட்டம் நடந்தது. ஓடையின் குறுக்கே கல்லணை கட்டுவதற்கு இடம் குறித்துச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். நாற்பது பேர் வந்திருந்தார்கள். திட்டத்தின் இன்ஜினியர் கமலக்கண்ணன் எழுந்து, “ஹாலந்துன்னா சும்மா இல்லீங்க. கடலையே கரை கட்டி நிறுத்தின ஊரு. அங்கருந்து வந்தவரு நம்ம ஓடைக்கு இடம் பார்த்துக் குடுத்திருக்காரு” என்றார். ஊர்க் கமிட்டித் தலைவர் அய்யாக்கண்ணு கை தட்டினார். அவருடைய கிணறு அந்த இடத்துக்குக் கொஞ்சம் கீழே இருந்தது. அணை வந்தால் கிணறு ஊறும்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு அம்மாள் எழுந்து வந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். புடவையைத் தூக்கிச் செருகியிருந்தாள், கையில் களைக்கொத்து. பெயர் கெங்கம்மாள். புருஷன் இறந்து ஆறு வருஷம். ஓடையின் இடது கரையை ஒட்டியிருந்த மானாவாரிக் கொல்லை அவளுடையது. மகள் சுகன்யாவை வைத்துக்கொண்டு தனியாளாகப் பயிர் செய்துவந்தாள்.

“இன்னா, எடம் பாத்து வச்சாங்களா, கண்ண மூடிகினு வச்சாங்களா?” என்று ஆரம்பித்தாள். “சாதா மழைக்கு ஒண்ணும் ஆவாது. பெருமழ வந்தா, அதோ அந்தப் பாறைக்குப் பின்னால இருந்து இன்னொரு தண்ணி வரும். அது ஓடையோட வராது, குறுக்கால பாஞ்சி வரும். எங்க மாமியா காலத்துல ஒரு தபா வந்துச்சாம். நான் வாக்கப்பட்டு வந்த பொறவு ஒரு தபா வந்து என் கண்ணால பாத்துகீறேன். இங்க செவுரு வச்சா ரெண்டு தண்ணியும் முட்டிகினு, செவுத்த வுட்டுட்டு இடது பக்கமா சுத்திகினு என் கொல்லையில எறங்கும். கீழ எறங்கினா ரெண்டு கரையும் பாறை. அங்க வைங்க, இல்லன்னா அந்தப் பாறைத் தண்ணிக்கு மொதல்ல ஒரு வழி பண்ணுங்க.”

மூச்சு வாங்கிக்கொண்டு கையை வீசிக் காட்டினாள். பாறை, ஓடை, கொல்லை என்று அவள் விரல் போன இடமெல்லாம் யான் டெக்கரின் பார்வையும் போயிற்று.

“கடல நிறுத்தினாங்களாமே! அவுங்க ஊரு கடலு தெனமும் ஒரே எடத்துல கெடக்கும். எங்க ஓடை அப்டி கெடக்காது. இந்த ஆளுக்கு கண்ணு மூஞ்சில கீதா முதுகுல கீதா, கேளு பொண்ணு!”

கூட்டம் சிரித்தது. ஜெபராணிக்கு முகம் சூடாகிவிட்டது. இதை எப்படி இவரிடம் சொல்வது என்று அவள் விழித்துக்கொண்டிருக்கும்போதே கமலக்கண்ணன் அவள் காதருகே குனிந்தார்.

“எல்லாத்தையும் சொல்லிகினு இருக்காதம்மா. அடுத்த வாரம் மேல இருந்து ஆளுங்க வராங்க. எடத்த மாத்தினா மறுபடி சர்வே, மறுபடி பிளான், இந்த சீசனே போய்டும். ஜல்தியா நல்லதா சொல்லி முடி.”

ஜெபராணி யான் பக்கம் திரும்பி இங்கிலீஷில் சொன்னாள்: “இவர் நிலம் பக்கத்தில் இருப்பதால் கொஞ்சம் கவலைப்படுகிறார். மற்றபடி திட்டம் வந்ததில் சந்தோஷம்.”

யான் ஒரு கணம் கெங்கம்மாளைப் பார்த்தார். பிறகு கைகூப்பி, தனக்குத் தெரிந்த தமிழில் “நன்றி” என்றார்.

“சொல்லிட்டியா?” என்று கெங்கம்மாள் கேட்டாள்.

“சொல்லிட்டேங்கக்கா.”

“இன்னா சொல்றாரு?”

“பாத்து செய்றேன்னு சொல்றாரு.”

கெங்கம்மாள் தலையை ஆட்டிவிட்டுக் களைக்கொத்தோடு போய்விட்டாள். யார் மனமும் நோகாமல் கூட்டம் முடிந்ததே என்று ஜெபராணிக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. கமலக்கண்ணன் ஜீப்பில் அவளுக்குக் கடலைமிட்டாய் கொடுத்தார்.

அணையை வைகாசியில் ஆரம்பித்து ஆனியில் முடித்தார்கள். ஊர் ஜனங்கள்தான் கல் சுமந்தார்கள். கெங்கம்மாளும் வந்து சுமந்தாள். வெள்ளைக்காரர் பாத்து செய்கிறேன் என்று சொல்லியிருக்கிறாரே, தனக்குத் தெரியாத ஏதோ கணக்கு இருக்கும் என்று அவள் நினைத்திருக்கிறாள். இது ஜெபராணிக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஆடியில் கொல்லை முழுக்க மல்லாட்டை விதைத்தாள். அந்தப் பக்கத்தில் நிலக்கடலைக்கு அதுதான் பேர். மழை அளவாகப் பெய்தது. அணையில் முதல் தண்ணீர் நின்றபோது அய்யாக்கண்ணு தேங்காய் உடைத்தார். கிணறுகளில் நாலடி, ஐந்தடி ஏறிற்று. தலைமை ஆபீசிலிருந்து ஆட்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஐப்பசி கடைசியில் பெருமழை வந்தது. இரண்டு நாள் விடாமல் கொட்டிற்று. ஆரணியில் தெருத்தண்ணீர் வீடுகளுக்குள் வந்தது. அடைக்கலசாமியின் தறிக்குழி நிரம்பிவிட, அப்பாவும் மகளும் சொம்பாலும் குடத்தாலும் இறைத்து ஊற்றினார்கள். தறியில் பூட்டியிருந்த பாவு நூலில் ஈரம் படாமல் பார்த்துக்கொள்வதே பெரும் பாடாக இருந்தது. இறைக்க இறைக்க ஜெபராணிக்குப் புங்கந்தாங்கல் பாறை ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருந்தது. ஒன்றும் ஆகியிருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நம்பிக்கை வரவில்லை.

மூன்றாம் நாள் காலை மழை விட்டதும் யான், கமலக்கண்ணன், ஜெபராணி மூவரும் ஜீப்பில் போனார்கள். தூரத்திலிருந்தே அணை தெரிந்தது. ஒரு கல்கூட அசையாமல் நின்றது. கமலக்கண்ணன் “அப்பாடா” என்றார். கிட்டப் போன பிறகுதான் மற்றது தெரிந்தது. அணைக்கு இடதுபுறம் கரை பதினைந்தடி அகலத்துக்கு அறுந்து, வெள்ளம் கெங்கம்மாளின் கொல்லைக்குள் புகுந்து போயிருந்தது. பாதிக் கொல்லையில் செடி என்று ஒன்றும் இல்லை. முழங்கால் அளவுக்கு மணலும் கூழாங்கல்லும் கிடந்தன. இன்னும் ஒரு வாரத்தில் பிடுங்கியிருக்க வேண்டிய காய்.

கெங்கம்மாள் மணலில் உட்கார்ந்து கையால் தோண்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சுகன்யா கூடையில் செடிகளைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். வந்தவர்களை இருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

யான் கரை அறுந்த இடத்தில் இறங்கினார். டேப் பிடித்து அளந்தார். மேலே நடந்து போய்ப் பாறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு அரைமணி கழித்து வந்தார். முகம் வெளுத்திருந்தது. “பாறைக்குப் பின்னாலிருந்து இன்னொரு வெள்ளம் வந்திருக்கிறது. என் வரைபடத்தில் அது இல்லை. இங்கே இருக்கிறவர்கள் யாருக்குமா தெரியாமல் இருந்திருக்கும்?” என்று கேட்டார். பிறகு ஜெபராணியின் பக்கம் திரும்பினார். “அந்த அம்மாவிடம் கேள். தண்ணீர் இப்படி வரும் என்று அவருக்கு முன்னாலேயே தெரியுமா?”

கமலக்கண்ணன் ஜெபராணியைப் பார்த்தார். அந்தப் பார்வை என்ன சொல்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. ‘தெரியாதாம்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கெங்கம்மாளுக்கு இங்கிலீஷ் தெரியாது, யானுக்குத் தமிழ் தெரியாது. ஓடைக்கரையில் இரண்டு பாஷையும் தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

ஜெபராணி மணலில் நடந்து போய்க் கெங்கம்மாளின் எதிரில் உட்கார்ந்தாள்.

“அக்கா, தண்ணி இப்டி வரும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமான்னு கேக்கறாரு.”

கெங்கம்மாள் தோண்டுவதை நிறுத்தினாள். “இன்னா கேள்வி இது? அன்னிக்கே அம்மாம் பேரு முன்னால நின்னு சொன்னேனே. பாறையக் கூட கை நீட்டிக் காட்டினேனே. நீதான பக்கத்துல நின்னுகினு இருந்த?”

“நான் அவர்கிட்ட சொல்லலக்கா.”

“இன்னாது?”

“நீங்க சொன்னத நான் அவர்கிட்ட சொல்லவே இல்ல. சந்தோஷமா இருக்கீங்கன்னு சொல்லிட்டேன். அவரு பாத்து செய்றேன்னு சொன்னாருன்னு உங்ககிட்ட சொன்னதும் நானா சொன்னதுதான்.”

கெங்கம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று ஜெபராணி எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. கெங்கம்மாள் திட்டவில்லை. “நானும் கல்லு தூக்கினேனேடி” என்றாள். குரல் அங்கே உடைந்துவிட்டது. சுகன்யா அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

ஜெபராணி எழுந்து யானிடம் வந்தாள். சித்திரை மாதம் கெங்கம்மாள் பேசியதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். மாமியார் காலத்து வெள்ளம், கீழே இருக்கிற பாறைக்கரை, ஒரே இடத்தில் கிடக்கிற ஹாலந்துக் கடல், முதுகில் இருக்கும் கண் எல்லாவற்றையும் சொன்னாள். அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது, ஏழு மாதம் ஆகியும் ஒன்றுகூட மறக்கவில்லை. கடைசியில், “இவையெல்லாம் அவர் அன்றைக்குச் சொன்னவை. நான்தான் மறைத்தேன். நாளையிலிருந்து நான் வேலைக்கு வரவில்லை” என்றாள்.

யான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“நீ செய்தது தப்பு, பெரிய தப்பு” என்றார் பிறகு. “ஆனால் அந்த அம்மா அன்றைக்கு மூன்று நிமிஷம் பேசினார். நீ ஒரு வரி சொன்னாய். எனக்குத் தமிழ் தெரியாதுதான், மூன்று நிமிஷத்துக்கும் ஒரு வரிக்கும் வித்தியாசம் தெரியாதா? மிச்சம் எங்கே என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் இடத்தை மாற்ற வேண்டிவரும் என்று எனக்கும் உள்ளுக்குள் இருந்தது. அதனால் கேட்கவில்லை.” தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். “வேலையை விடுவது சுலபம். இப்போது நான் சொன்னதை அப்படியே அவரிடம் போய்ச் சொல். இதைக் குறைக்காமல் சொல்.”

ஜெபராணி சொன்னாள். கெங்கம்மாள் கேட்டுவிட்டு யான் டெக்கரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள்.

“மன்னிச்சிடுங்கக்கா” என்றாள் ஜெபராணி.

“மன்னிச்சிகினு இன்னா பண்றது? அந்தக் கூடைய எடு. காய ஈர மண்ணு மூடிகினு எவ்ளோ நேரம் இருக்கும்? மொளச்சிடும்.”

ஜெபராணி கூடையை எடுத்தாள். யானும் முழங்காலிட்டு உட்கார்ந்து தோண்ட ஆரம்பித்தார். கமலக்கண்ணன் மட்டும் ஜீப்பில் சாய்ந்து நின்றிருந்தார். “என் பொழப்புல கல்லப் போட்டுட்டல்ல” என்று திரும்பி வந்து ஆபீஸ் படியேறும்போது ஜெபராணியிடம் சொன்னார். அவருக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள்; திட்டம் முடிந்தால் அடுத்த வேலை எங்கே என்று தெரியாதவர். ஜெபராணிக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அவர் காதில் சொன்னார், வாயால் சொன்னது நான்தானே என்று நினைத்துக்கொண்டாள்.

யான் தலைமை ஆபீசுக்கு எழுதிய அறிக்கையில், இடம் தேர்ந்ததில் பிழை தன்னுடையது, கிராமத்துப் பெண் விவசாயி ஒருவர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார் என்று எழுதினார். வேறு யார் பேரும் அதில் இல்லை. டைப் அடித்தவள் ஜெபராணிதான். கமலக்கண்ணன் அதை இரண்டு தரம் படித்துவிட்டு மூடி வைத்தார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெபராணி சர்ச்சுக்குப் போகவில்லை. ஆபீஸ் வேலை என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போளூர் பஸ் ஏறிப் புங்கந்தாங்கலில் இறங்குவாள். கெங்கம்மாளோடும் சுகன்யாவோடும் மணலை அள்ளிக் கரையில் கொட்டுவாள். முதல் இரண்டு வாரம் கெங்கம்மாள் அவளிடம் பேசவே இல்லை. கூடையைக் காட்டுவாள், இடத்தைக் காட்டுவாள், அவ்வளவுதான். மூன்றாம் வாரம் உள்ளங்கை கொப்புளித்து ஜெபராணி கூடையை நழுவவிட்டபோது, “துணிய சுத்திகினு தூக்கு, தெரியாதா? படிச்சவ” என்றாள். நான்காம் வாரம் கேழ்வரகுக் களி கொடுத்தாள். அன்றைக்குக் கமலக்கண்ணனும் கடப்பாறையோடு வந்து சேர்ந்தார். ஏன் வந்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை.

தை மாதத்தில் யான் கெங்கம்மாளைக் கூட்டிக்கொண்டு ஓடைக்கு மேலே இருந்த மலையில் ஏறினார். கெங்கம்மாள்தான் முன்னால் நடந்தாள், யான் பின்னால், நடுவில் ஜெபராணி. பாறைக்குப் பின்னால் தண்ணீர் எங்கே பிறக்கிறது, எங்கே சேர்கிறது, எந்த இடத்தில் வேகம் எடுக்கிறது என்று கெங்கம்மாள் ஒவ்வொன்றாகக் காட்டினாள். ஒரு வாக்கியம் சொல்வாள். ஜெபராணி அதைச் சொல்லி முடிக்கும்வரை யானின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அதற்குப் பிறகுதான் அடுத்த வாக்கியம்.

நடுவழியில் நின்றாள். “இவரு நடக்கறது வாத்து நடக்கற மாரி கீது. இதையும் சொல்லு.”

ஜெபராணி தயங்கவில்லை, சொன்னாள். யான் தன் காலைக் குனிந்து பார்த்தார். பிறகு வேண்டுமென்றே பாதங்களை இன்னும் அகட்டி வைத்து நாலடி நடந்து காட்டினார். கெங்கம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வெள்ளத்துக்குப் பிறகு அவள் சிரித்ததை ஜெபராணி அன்றைக்குத்தான் பார்த்தாள்.

பாறைக்குப் பின்னால் பன்னிரண்டு இடங்களில் கல்லடுக்கித் தடுப்பு போட்டார்கள். பத்து கெங்கம்மாள் காட்டிய இடங்கள். இரண்டு மட்டும் யான் சேர்த்தது, அதற்கு அவள் தலையசைத்த பிறகு. அணையின் நடுவில் ஓரடி குறைத்து வழிந்தோட வழி விட்டார்கள். இடது கரையைக் கல் பதித்து உயர்த்தினார்கள். அய்யாக்கண்ணுவுக்குத் தன் கிணற்றில் ஓரடி குறையுமே என்று மனத்தாங்கல். கெங்கம்மாள் கமிட்டியிலேயே எழுந்து நின்று அவரிடம் கேட்டாள்: “உன் கெணத்துல ஓரடி, என் கொல்லையில முழங்கால் மணலு. எது பெருசு, நீயே சொல்லு மாமா.”

அடுத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் பெருமழைகள் வந்தன. குறுக்குத் தண்ணீர் கல்லடுக்குகளில் தங்கித் தங்கி வந்து, ஓடையோடு சேர்ந்து, அணையின் நடுவில் வழிந்து போயிற்று. கரை நின்றது. ஆனால் கொல்லை முழுதாகத் திரும்பவில்லை. மணல் அள்ளிய இடத்தில் ஏரி வண்டல் அடித்து மறுபடி மல்லாட்டை போட்டாள். ஓடையை ஒட்டிய ஒரு பட்டை மட்டும் எத்தனை அள்ளியும் மணலாகவே கிடந்தது. அதில் ஆட்டைக் கட்டி மேய்த்தாள்.

இரண்டாயிரத்தில் திட்டம் முடிந்து, யான் ஊருக்குப் போனார். மாடி காலியாகி அங்கேயும் தறி வந்தது. ஜெபராணி பி.எட். முடித்துச் செய்யாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்து, ஆரணியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வந்தாள். கமலக்கண்ணனுக்குத் தர்மபுரிப் பக்கம் வேறொரு திட்டத்தில் வேலை கிடைத்தது.

மறு வருஷம் ஆவணியில் ஒரு சனிக்கிழமை, வீட்டு வாசலில் கெங்கம்மாள் நின்றாள். பின்னால் சுகன்யா. கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

“ஆரணிக்கு வந்து வேற எவன் வூட்லயோவா பொடவ எடுப்பேன்? உங்க நைனாவ கூப்புடு” என்றபடி உள்ளே வந்து தறியைச் சுற்றிப் பார்த்தாள். அடைக்கலசாமி எழுந்து அலமாரியிலிருந்து மூன்று புடவைகளை எடுத்து விரித்தார். சுகன்யா அரக்கு நிறத்தைத் தொட்டாள். கெங்கம்மாள் பச்சையைத் தொட்டாள்.

“உங்களுக்கு எம் பொண்ண எப்படிம்மா பழக்கம்?” என்று அடைக்கலசாமி கேட்டார்.

கெங்கம்மாள் ஜெபராணியைத் திரும்பிப் பார்த்தாள். “நீ சொல்லலையா?”

ஜெபராணி இல்லை என்று தலையாட்டினாள். இந்த நாலு வருஷத்தில் வீட்டில் அவள் அதைச் சொன்னதே இல்லை.

“ஒம் பொண்ணு ஒரு தபா எங் கொல்லைய மணலாக்கிட்டா” என்றாள் கெங்கம்மாள், புடவையிலிருந்து கையை எடுக்காமல். “பொறவு அவளே வந்து அள்ளினா. பன்னண்டு ஞாயித்துக்கெழம. நான் எண்ணிகினு இருந்தேன்.”

அடைக்கலசாமிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆபீஸ் வேலை என்று மகள் கிளம்பிப்போன ஞாயிற்றுக்கிழமைகள் அவருக்கு மெல்ல ஞாபகம் வந்திருக்க வேண்டும். மகளைப் பார்த்தார். அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை.

“உக்காருங்கப்பா, சொல்றேன்” என்றாள்.

“மொதல்ல சோறு போடு. போளூர் பஸ்ல நின்னுகினே வந்தோம்” என்று கெங்கம்மாள் பாயை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “நீ சொல்லு. எங்கயாவது வுட்டுட்டன்னா நான் சொல்றேன்.”

சுகன்யா அரக்குப் புடவையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். ஜெபராணி நாலு இலையைப் போட்டுச் சோற்றை வைத்துவிட்டு, சித்திரை மாதத்துக் கூட்டத்திலிருந்து ஆரம்பித்தாள்.